கம்பி வகுப்பு

என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். அதனால்தான் நான் முட்டிக்கு மேல் ஏறிய டவுசர் போட்டுக்கொண்டு, திருச்சுழி ரோட்டில் ஒரு உரக்கடை மாடியில் எவர்சில்வர் கம்பியைக் கட்டிப்பிடித்து நின்றேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் தெரு சிரித்து முடித்து வேறு வேலை பார்க்கப் போய்விட்டது.

அவர் பெயர் கார்த்தீஸ்வரன். நூல் மில்லில் சூப்பர்வைசர். போன மாசியில் ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரோரம் சரிந்தார். வலது கையும் வலது காலும் போயின. மதுரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, உயிர் தப்பியதே பெரிது என்று சொல்லி அனுப்பினார்கள். பேச்சும் போனது. நாங்கள் தறிக்காரக் குடும்பம். வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். அவருக்குத் தமிழ் சுத்தமாக அழிந்துபோய், வீட்டுப் பேச்சில் நாலைந்து சொல் மட்டும் மிஞ்சியது. அதிலும் வாயில் அதிகம் வருவது 'பேடா'. வேண்டாம் என்று அர்த்தம். இட்லிக்குப் பேடா. டி.வி.க்குப் பேடா. தண்ணீர் டம்ளரை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேடா, பேடா.

ஏன் என்று எனக்குத் தெரியும். குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும். போக வேண்டுமென்றால் யாராவது தூக்க வேண்டும். என்னால் தூக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்த புதிதில் தூக்கியது நான்தான். காலையில் முதல் வேலை தைலம். நரிக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர் காய்ச்சியது. என் வீட்டுக்காரரின் அண்ணன் ஜோதிலிங்கம் பெரிய கேன் நிறைய வாங்கிவந்தார். "ஒரு மண்டலம் விடாமத் தேய்க்கணும் சுபா. நடுவுல ஒருநாள் விட்டாலும் பலிக்காது, மறுபடி முதல்லருந்துதான்" என்றார். என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்காத குறை. கழுத்திலிருந்து பாதம் வரை தேய்த்து, நன்றாக ஊறவைத்து, பிறகு குளிக்கத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வாதம் வந்தவர்களுக்கு எல்லா வீட்டிலும் இப்படித்தான் செய்கிறார்கள். நானும் செய்தேன்.

அப்படித் தூக்கிப் போன ஒருநாள், குளியலறை நிலைப்படியில் அவர் என் கையைவிட்டுப் போய்விட்டார். அக்குளில் கை கொடுத்து இறுக்கித்தான் பிடித்திருந்தேன். பிடி பிடித்தபடி இருக்க, ஆள் மட்டும் கீழே போனார். தாடை கிழிந்து தையல் போட்டார்கள். ரத்தம்கூடப் பெரிதில்லை. தரையில் கிடந்தபடி அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் என்ன செய்வது? அதற்குப் பிறகு நான் தூக்கக் கை நீட்டினாலே 'பேடா'தான்.

பக்கத்து வீட்டு ராஜபாண்டி நல்லவன், மினி வேனில் லோடு அடிப்பவன். காலையில் வண்டி எடுக்குமுன் வருவான். இரவு வண்டி விட்டதும் வருவான். தைலத்தோடு கிடக்கிறவரைப் போர்வையில் சுருட்டி ஒரே தூக்கு. "வாங்கண்ணே, போவம்" என்று சிமெண்டு மூட்டையை இறக்குவது போலக் கொண்டுபோய்க் குளியலறையில் கமோடு சேரில் உட்காரவைப்பான். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் வேட்டி விலகிக் கிடக்கும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொள்வார். மில்லில் முந்நூறு பேரை வேலை வாங்கிய மனிதர். கண்ணை மூடினால் தான் அங்கே இல்லை என்று ஆகிவிடும் என நினைத்தாரோ என்னவோ.

இந்த இரண்டு நேரத்துக்கு நடுவில் ஒரு முழுப் பகல் கிடக்கிறது. பாட்டில் வைத்துப் பார்த்தேன். படுத்தபடி அவருக்கு வரவில்லை. டயாபர் கட்டினேன், இடது கையால் பிய்த்து எறிந்துவிட்டு அழுதார். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். குடிக்காமல் இருந்துவிட்டார். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருகிற நாளில் குடத்தோடு குடம் மோதிச் சண்டை போடுகிறோம். அப்படிப் பிடித்து வரிசையாக நிரப்பி வைத்த வீட்டில், வைகாசி வெயிலில், ஒரு மனிதர் உதடு வெடித்துப் படுத்துக் கிடந்தார். மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. காய்ச்சல் வந்தது. டாக்டர் என்னைத்தான் திட்டினார்.

நான் வீட்டிலேயே ஜாக்கெட், சுடிதார் தைப்பவள். அந்தச் சமயத்தில்தான் சத்யபிரியா என்ற பெண் துணியோடு வந்தாள். மல்லாங்கிணறுக்காரி, பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். பனியன் துணியை என் முன்னால் வைத்து, "அக்கா, டவுசர் தைக்கணும். இவ்வளவு உயரத்துக்கு" என்று தன் தொடையில் கையை வைத்துக் காட்டினாள். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"இதைப் போட்டுக்கிட்டு யாரும்மா நடமாடப் போறா?"

"நடமாட இல்லக்கா. கம்பி ஏற. தோலு கம்பியில படணும், துணி பட்டா வழுக்கிரும். பொம்பளைகளுக்கு மட்டும் கிளாஸு எடுக்கேன்."

கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினாள். ஒடிந்து விழுகிற மாதிரி ஒரு பெண். தரையிலிருந்து கூரைக்கு நட்டிருந்த கம்பியை இரண்டு கையால் பிடித்துக் காலை மேலே தூக்கி, அந்தரத்தில் நாற்காலி போட்டது போல உட்கார்ந்தாள். "அவ எடையை அவளே தூக்குதா, அவ்வளவுதான். பழகினா நீங்களும் தூக்கலாம்" என்றாள் சத்யபிரியா.

என் காதில் விழுந்தது 'தூக்கலாம்' என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும்தான். என் எடைக்கும் அவர் எடைக்கும் ஒரு அரிசிச் சிப்பம்தான் வித்தியாசம். என்னை நான் தூக்கிவிட்டால் அவரைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகும்? மூழ்குகிறவளுக்குக் கணக்குப் பார்க்கவா தெரியும். அவளுக்கு வெட்டிய துணியிலேயே எனக்கும் ஒன்று தைத்துக்கொண்டேன்.

ராஜபாண்டியின் சம்சாரம் துர்காதேவி, நான் போய்வரும்வரை அவரோடு உட்காருவதாகச் சொன்னாள். "கம்பியில ஏறி என்னக்கா செய்யப் போறீக? காக்கா விரட்டவா?" என்று கேட்டாள். மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

உரக்கடை மாடியில் யூரியா வாசனைக்கு நடுவே அந்தக் கூடம். இரண்டு கம்பிகள், கீழே தடித்த மெத்தை, ஜன்னலுக்குச் சாக்கு போல ஒரு திரை. என்னோடு பேங்கில் வேலை பார்க்கும் பாலாமணியும் ஒரு காலேஜ் பெண்ணும் சேர்ந்திருந்தார்கள். டவுசரோடு வெளியே வர எனக்குக் கால் எழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வெயில் படாத தொடை அது. சத்யபிரியா வளையலைக் கழற்றச் சொன்னாள், தாலிக்கொடியை முதுகுப்பக்கம் தள்ளிப் பனியனுக்குள் ஊக்கு குத்தச் சொன்னாள். பிறகு சொல்லிக் கொடுத்தாள்: "கம்பியைத் தள்ளி நின்னு இழுக்காதீக. கிட்டப் போங்க, நெஞ்சோட சேருங்க. தொடையால கவ்வுங்க. கையி கடைசிதான்."

சேர்ந்தேன், கவ்வினேன், காலை எடுத்தேன். சர்ரென்று இறங்கி மெத்தையில் உட்கார்ந்தேன்.

காலேஜ் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுபடி ஏறினேன், மறுபடி சர்ர். எனக்கு அடுத்துப் பிடித்த பாலாமணியும் வழுக்கினாள். சத்யபிரியா ஸ்பிரிட் தொட்டுக் கம்பியைத் துடைத்துவிட்டு, "லோஷன் ஏதும் போட்டீகளா?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. "எனக்கு லோஷன் போடத்தான் நேரம் கிடக்கு. சோப்புப் போட்டுக் குளிச்சிட்டுத்தான் வாரேன்" என்றேன். வீட்டு நிலைமையைச் சொல்லவில்லை. பாவம் பார்க்கிற முகங்கள் தெருவிலேயே போதுமான அளவு இருந்தன.

அன்றைக்கு மட்டும் அல்ல. போன ஒவ்வொரு நாளும் அப்படித்தான். பாலாமணி கம்பியில் கால் பின்னி உட்காரக் கற்றுக்கொண்டாள். காலேஜ் பெண் ஒரு கையை விட்டுச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டாள். நான் மட்டும் கிணற்றில் விட்ட வாளி மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தேன். உள்தொடையெல்லாம் கன்றிக் கருநீலம். வீட்டில் பழைய புடவையை உத்தரத்தில் கட்டித் தொங்கிப் பார்த்தேன். அரிசி மூட்டையைத் தூக்கி இறக்கினேன். ராத்திரி அவர் காலடியில் படுத்துக்கொண்டு என் கைகளையே வெறுத்தேன். ஊசி பிடிக்கத்தான் லாயக்கு, புருஷனைப் பிடிக்க லாயக்கில்லை என்று என்னை நானே ஏசினேன்.

ஆனி பிறந்ததும் மறுபடி காய்ச்சல். இந்தமுறை உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. டாக்டர் இந்தத் தடவை திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "கிட்னியில ஏறிருச்சும்மா. மருந்துக்கு இறங்கும். ஆனா இப்படியே தண்ணியில்லாம விட்டா அடுத்த தடவை நான் பொறுப்பு இல்ல" என்றார். வீட்டுக்கு வந்து டம்ளரோடு அவர் முன்னால் உட்கார்ந்து கெஞ்சினேன். கும்பிட்டேன். கடைசியில் அவர் வாயைப் பிடித்து ஊற்றியும் பார்த்தேன். துப்பினார். துப்பிவிட்டு என் கன்னத்தை இடது கையால் தடவிக் கொடுத்தார். அதற்குத் துப்பியதே தேவலை. இந்த மனிதர் செத்துப்போவது என்று தீர்மானித்துவிட்டார், அதுவும் எனக்குத் தொந்தரவு வேண்டாம் என்று தீர்மானித்திருக்கிறார் என எனக்குப் புரிந்தது.

மறுநாள் வகுப்புக்குப் போனேன். போகிற மனநிலையா என்று கேட்காதீர்கள், எனக்குப் போக வேறு இடம் இல்லை.

"இன்னைக்கு நான் ஏறியே ஆகணும் சத்யா" என்றேன்.

ஏறினேன், விழுந்தேன். எழுந்தேன், விழுந்தேன். மூன்றாவது தடவை முட்டி தரையில் மோதியது. விழுந்த கையோடு கம்பியின் அடியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். சத்யபிரியா ஓடிவந்து என்னைத் தூக்கினாள். தூக்கியவள் தன் கையை மூக்கருகே கொண்டுபோனாள். கம்பி துடைக்கிற துணியையும் மோந்து பார்த்தாள்.

"அக்கா, இது என்ன வாடை? நீங்க வந்த நாளா இந்தத் துணியில இதே வாடைதான்."

"தைலமா இருக்கும்."

"என்ன தைலம்? யாருக்கு?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். மாசியில் விழுந்தது, நிலைப்படியில் நழுவியது, போர்வை மூட்டை, தண்ணீர், டாக்டர். அவள் என் முழங்கையைத் தன் விரலால் இழுத்தாள். சோப்புப் போட்டுக் குளித்து வந்த கைதான். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

"தினமும் காலையில முழங்கை வரைக்கும் எண்ணெயில முக்கிட்டு நேரா இங்க வந்து கம்பியைப் பிடிக்கீக. சோப்புக்கு இது போகுமாக்கா? இந்தக் கையோட வந்தா நானே ஏற மாட்டேனே. நாளைக்கு ஒருநாள் தைலம் தொடாம வாங்க."

"ஒருநாள் விட்டாப் பலிக்காது. ரெண்டாவது மண்டலம் ஓடுது."

"அவுகளுக்குத்தான் தைலம். நீங்க ஏறணுமா, வேண்டாமா?"

அன்று ராத்திரி தூக்கம் இல்லை. அந்தக் கேனைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அவர் கால் ஒருநாள் அசையும் என்றால் அது இதனால்தான் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். அதைக் கெடுத்தவள் என்று ஜோதிலிங்கம் மச்சான் சாகிறவரை சொல்வார். அவர் சொல்வாரோ இல்லையோ, நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் கால் அசைகிற நாள்வரைக்கும் ஆள் இருக்க வேண்டுமே.

காலையில் கேனைத் தொடவில்லை. இரண்டு கையையும் தொடையையும் சீயக்காய் போட்டுத் தோல் எரியும்வரை தேய்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜபாண்டி வந்து, "என்னக்கா, அண்ணனுக்கு இன்னைக்குத் தைலம் தேய்க்கலையா?" என்று கேட்டான். போர்வையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

கம்பியின் முன்னால் நின்றபோது சாமி கும்பிடக்கூடத் தோன்றவில்லை. கிட்டப் போனேன். நெஞ்சோடு சேர்த்தேன். தொடையால் கவ்வினேன். காலை எடுத்தேன்.

கம்பி என்னைப் பிடித்துக்கொண்டது.

வலித்தது. தோலைப் பிய்த்து எடுப்பது போல வலித்தது. ஆனால் இறங்கவில்லை. பாதம் மெத்தையைவிட்டு ஒரு முழம் மேலே நின்றது. மேலே ஏறத் தெரியவில்லை, அது வேறு விஷயம். நான் அப்படியே கம்பியில் ஒட்டிக்கொண்டு நின்றேன். பாலாமணி கை தட்டினாள். எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. எங்கள் குளியலறை நிலைப்படி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. எண்ணெய் ஊறிய அவர் அக்குள், எண்ணெய் ஊறிய என் கை. பிடி பிடித்தபடி இருக்க ஆள் மட்டும் போனார் என்றேனே. இத்தனை மாதம், அட கடவுளே, இத்தனை மாதம்!

நேற்று எனக்கு இருந்த பலம்தான் இன்றைக்கும். அவர் நழுவி விழுந்த அன்றைக்கும் அதே பலம்தான். என் கையில் குறை இல்லை. தைலம் தேய்த்து ஊறவைத்துவிட்டு ஆளைத் தூக்கினால் எவள் தூக்குவாள்?

"சத்யா, நான் வீட்டுக்குப் போறேன்" என்று குதித்து இறங்கினேன். டவுசருக்கு மேலேயே நைட்டியை மாட்டிக்கொண்டு படியிறங்கி ஆட்டோ பிடித்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தார். அழுதுகொண்டே சிரிக்கிற பொம்பளையை அவர் முதல் தடவையாகப் பார்த்திருப்பார்.

வீட்டில் துர்காதேவி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா, சீக்கிரமே வந்துட்டீக?"

"நீ செத்த வெளிய இரு தாயி. கதவைச் சாத்திக்கோ."

குளியலறையிலிருந்து கமோடு சேரை இழுத்துவந்து கட்டிலோடு ஒட்டிப் போட்டேன். அந்தச் சத்தத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. தாடைத் தழும்பு துடித்தது. "பேடா" என்றார். கெஞ்சுகிற பேடா. இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு விழுவதில் பயமில்லை. மறுபடி என் கையிலிருந்து விழுவதில்தான் பயம். எனக்கு மட்டும் இல்லையா? போனதடவை தாடையோடு போனது, இந்தத் தடவை மண்டை உடைந்தால்? ஊர் என்னைக் கேட்கும். அதைவிட, அந்தப் பார்வையை இன்னொரு தடவை பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

"அன்னைக்கு நழுவினது நானில்லைங்க. எண்ணெய்" என்று எங்கள் பேச்சில் சொன்னேன். என் முழங்கையை அவர் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் காட்டினேன். "பாருங்க. காஞ்சு கிடக்கு. நீங்களும் காஞ்சுதான் கிடக்கீங்க. ஒரே ஒரு தடவை. விழுந்தா சேந்தே விழுவோம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டில் சட்டத்திலிருந்து கையை எடுத்து என் கழுத்தைச் சுற்றிப் போட்டார்.

கட்டில் ஓரத்துக்கு நகர்த்தி, பாதத்தைத் தரையில் ஊன்றவைத்தேன். சட்டை இல்லாத முதுகில் என் இரண்டு கையையும் கோத்தேன். தள்ளி நின்று இழுக்கவில்லை. கிட்டப் போனேன், நெஞ்சோடு நெஞ்சு சேர்த்தேன். நைட்டியைச் சுருட்டிச் செருகிவிட்டு, என் முட்டி இரண்டுக்கும் நடுவில் அவர் முட்டியைக் கவ்விக்கொண்டேன். அவருடைய தாடி என் கழுத்தில் குத்தியது. எத்தனை மாதம் ஆயிற்று இவரை இப்படிக் கட்டிப்பிடித்து என்று அந்த நேரத்திலும் மனம் ஒரு கணக்குப் போட்டது. எழுந்தேன்.

அவரும் எழுந்தார். ஆடினோம். அவர் நல்ல கால் தரையைத் தேடிப் பிடித்தது. என் முதுகில் ஏதோ சொடக்கென்றது. தோலோடு தோல் ஒட்டிக்கொண்டு வலித்தது, பிடி நகரவில்லை. அரைவட்டம் திரும்பினேன். இறக்கினேன். கடைசியில் கொஞ்சம் தொப்பென்றுதான் உட்கார்ந்தார். ஆனால் சேரில் உட்கார்ந்தார்.

நான் தரையில் உட்கார்ந்து அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டேன். முதலில் ஒன்றும் இல்லை. வெளியே தறி ஓடுகிற சத்தம் மட்டும். அவர் வழக்கம்போலக் கண்ணை மூடியிருப்பார் என்று நிமிர்ந்து பார்த்தேன். திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடியில் வைத்த சட்டியில் சத்தம் வந்தது. சொட்டுச் சொட்டாக, நின்று, மறுபடி. நான் அவர் முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இது ஒரு சந்தோஷமா என்று கேட்பவர்கள் என் வீட்டில் ஒரு பகல் இருந்து பார்க்கட்டும்.

நாளைக்கு மச்சான் வந்து கத்துவார். கத்தட்டும். தூக்கி, குளிக்கவைத்து, கட்டிலில் போட்டபிறகு தைலம் தேய்த்தால் வைத்தியர் என்ன கோர்ட்டுக்கா இழுக்கப் போகிறார்? என் முதுகு தாங்குமா, அடுத்த வாரம் தாங்குமா, அதுவும் தெரியாது. அதையெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் கை என் தலையைத் தட்டியது.

"நீரு" என்றார்.

மாசியிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அழிந்துபோன சொற்களோடு அதுவும் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஓடிப்போய் டம்ளரில் மொண்டு வந்தேன். இடது கையால் வாங்கி, கடைவாயில் ஒழுக ஒழுகக் குடித்தார். தழும்பு வழியாக நெஞ்சில் வழிந்தது. மூச்சு வாங்கினார். காலி டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"நீரு."

நான் குடத்தையே தூக்கிக்கொண்டு வந்தேன்.